ஜார்ஜ் டவுனைக் காத்த வாடகைச் சட்டம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், கையில் அதிகம் காசில்லாத பயணி ஒரு முழு நாளைக் குறையில்லாமல் கழித்துவிடலாம். பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கிச் சொற்பக் கட்டணத்தில் படகேறினால் தீவு வந்துவிடும். படகுத்துறையிலிருந்து சூலியா தெரு நடக்கிற தூரம்தான். அங்கேயோ பக்கத்து லவ் லேனிலோ பழைய கடைவீட்டு மாடியில் பலரோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு கட்டில் கிடைக்கும். மதியத்துக்கு ஒரு தட்டு நாசி கண்டார். வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை போனால் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், சோழமண்டலக் கரையிலிருந்து போன காதிர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எதற்கும் வண்டி பிடிக்க வேண்டாம். இத்தனையும் ஓரிடத்தில், இவ்வளவு மலிவாக மிஞ்சியதற்கு யுனெஸ்கோவைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. பழைய நகரத்தைப் பழைய நகரமாகவே வைத்திருந்தது ஒரு வாடகைச் சட்டம். அதை இயற்றியவர்கள் பயணியை நினைத்தவர்களும் அல்ல, மரபை நினைத்தவர்களும் அல்ல.

ஜப்பானிய ஆக்கிரமிப்பு முடிந்தபோது மலாயாவின் நகரங்களில் குடியிருக்க வீடில்லை. வீட்டுக்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுக்கவும் சனங்களிடம் வழியில்லை. அந்த நெருக்கடியில்தான் 1948இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது: 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களில் வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது, தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி ஏறக்குறைய முழுவதுமே அந்தத் தேதிக்கு முந்தியது. கடைவீடு என்றால் தெருவை ஒட்டி ஐந்தடி நடைபாதை, அதற்குப் பின்னால் குறுகி நீளமாக உள்ளே போகும் கட்டடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், மாடியில் பலகை வைத்துத் தடுத்த அறைகள். கீழே தொழில், மேலே குடித்தனம், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம். ஊதுபத்தி உருட்டுகிறவர், பிரம்பு பின்னுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், சொங்கோக் தொப்பி தைக்கிறவர், நாணயம் மாற்றும் தமிழ் முஸ்லிம், பூக்கட்டுகிறவர் என்று சின்ன வருமானக்காரர்கள் நகரின் நட்டநடுவில் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது வாடகை அசையாமல் நின்றதால்தான். அந்த வாடகைதான் சாப்பாட்டுத் தட்டின் விலையிலும் கட்டிலின் விலையிலும் போய்ச் சேர்ந்தது.

மலிவான தங்கலும் பயணிகளுக்காகப் புதிதாக முளைத்ததல்ல. விமானம் பரவும் முன், கெடா, பேராக், சுமத்ரா, தென் தாய்லாந்து ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் பினாங்கில்தான் கப்பலேறினார்கள். கப்பல் வரும்வரை ஆச்சே தெரு விடுதிகளில் காத்துக் கிடந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ‘ரஜூலா’ கப்பலில் வந்த தமிழர்களுக்கும் இதுவே இறங்குதுறை. நாசி கண்டாரும் அப்படி வந்ததுதான். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தூக்கிப் போய்த் துறைமுகக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு அது. வயிறு நிறைய வேண்டும், விலை கூடக் கூடாது. சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றும் வழக்கம் இன்றும் அந்தத் தேவையையே நினைவூட்டுகிறது. 1970களில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியே வந்த இளைஞர்களும், 1975இல் வெளியான வீலர் தம்பதியின் மலிவுப் பயண வழிகாட்டியைக் கையில் பிடித்து வந்தவர்களும், ஏற்கெனவே ஏழைப் பயணிக்குப் பழகியிருந்த தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

வாடகைச் சட்டமே நகரைக் காத்தது என்பதற்கு முதல் மறுப்பு பொருளாதாரம் அறிந்தவர்களிடமிருந்து வரும். 1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. 1972 முதல் தொழிற்சாலைகளும் முதலீடும் தெற்கே பாயான் லெப்பாஸுக்குப் போயின. இடிக்கப் பணமில்லாததால் நகரம் பிழைத்தது, சட்டம் என்ன செய்தது என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் அதே ஆண்டுகளில்தான் கொம்தார் எழுந்தது. 1974இல் தொடங்கிய அந்த 65 மாடிக் கோபுரத்துக்காகப் பழைய நகரின் தெருக்களும் கடைவீடுகளும் கூட்டங்கூட்டமாகத் தரைமட்டமாயின. பணமும் இருந்தது, இடிக்கும் துணிவும் இருந்தது. அரசே நிலத்தைக் கையகப்படுத்தியபோது வாடகைச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான். மேலும், பொருளாதாரத் தேக்கம் ஆளில்லாத வீடுகளை விட்டுவைக்கும். தொழிலும் பிள்ளைகளுமாக ஆட்கள் நிறைந்த வீடுகளை விட்டுவைக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒருவர் சொத்தை வைத்து இன்னொருவருக்குத் தருமம் செய்ய அரசுக்கு என்ன உரிமை? வாங்கும் வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாதபோது எந்த உடைமையாளர் பழுது பார்ப்பார்? கூரை ஒழுகியது, உத்தரம் கரையான் அரித்தது. தாங்கள் குறைந்த வாடகை கொடுத்துக்கொண்டு, அறைகளை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த குடியிருப்பாளர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் மறுக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. உடைமையாளர்களில் பலர் தனி முதலாளிகள்கூட அல்ல. சீனக் குலச்சங்கங்களான கொங்சிகள், கோயில்கள், பள்ளிவாசல் வக்ஃபுகள். அவர்களுடைய அறப்பணிக்கான வருமானமும் சேர்ந்தே சுருங்கியது. ஆனாலும் இந்தக் குறைகளுக்கு மருந்து, பழுதுபார்ப்போடு இணைத்து வாடகையைப் படிப்படியாக உயர்த்துவதாக இருந்திருக்கலாம். நடந்தது வேறு. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. இரண்டாண்டுக்குச் சற்று மேலான இடைக்காலம் முடிந்து, 2000 ஜனவரி 1 அன்று எல்லாக் கட்டுப்பாடும் விலகியது. வாடகை பல மடங்கு ஏறியது. வேறு போக்கிடம் தேட வசதியில்லாத முதியவர்களும் கைத்தொழிலாளர்களும்தான் முதலில் பெட்டியைக் கட்டினார்கள். சட்டம் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அதை எடுத்தபின் நடந்த இந்த வெளியேற்றத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

யுனெஸ்கோ வந்தது அதற்கும் எட்டாண்டு கழித்து, 2008 ஜூலையில். மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனின் 109 ஹெக்டேர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பல சமயங்களும் பல இனங்களும் ஒரே தெருவில் வாழும் வாழ்வைப் பட்டியல் மதித்தது. அந்த வாழ்வை வாழ்ந்தவர்களோ ஏற்கெனவே அடுக்குமாடிகளுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தார்கள். பட்டியலால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அது இல்லாவிட்டால் இன்னும் சில கோபுரங்கள் எழுந்திருக்கும். ஆனால் அது காத்தது சுவரை. உள்ளே யார் குடியிருக்க வேண்டும் என்பது அதன் கைக்குள் இல்லை. பட்டியலின் பேர் முதலீட்டாளர்களை இழுத்தது. குடித்தனங்கள் இருந்த மாடிகள் ஆடம்பர விடுதிகளாயின. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஆர்மேனியன் தெருச் சுவரில் இரு குழந்தைகளைத் தீட்டி, அவர்கள் ஏறி ஓட்டுவதுபோல் ஒரு நிஜ மிதிவண்டியைச் சுவரோடு பொருத்தினார். அதன்முன் படமெடுக்க வரிசை நிற்கிறது. வரிசையைப் பார்த்துக் கடைகளும் மாறின: உள்ளூர்க்காரர் அன்றாடம் வாங்கியவை குறைந்தன, வந்துபோகிறவர் வாங்கும் பொருள்கள் கூடின.

மலிவுப் பயணியும் இந்த மாற்றத்தில் ஒரு கண்ணி என்பதை மறுக்க முடியாது. ஒரு குடும்பம் இருந்த அறையில் எட்டுக் கட்டில் போட்டால் வருமானம் கூடும் என்று வீட்டுக்காரர் கணக்குப் போடுவது அவரை நம்பித்தான். இருந்தாலும் அவருடைய தேவையும் குடியிருப்பவரின் தேவையும் ஒரே மலிவான சோற்றில், ஒரே படகில், ஒரே நடைபாதை நிழலில் சந்திக்கின்றன. உள்ளூர் ஏழை போய்விட்டால் மலிவுப் பயணிக்கும் அங்கே ஒன்றும் மிஞ்சாது. கட்டடத்தின் உயரத்துக்கும் முகப்புக்கும் இன்று விதி இருக்கிறது, வாடகைக்கு இல்லை. பழைய நகரில் கணிசமான வீடுகள் இன்னமும் கொங்சிகளிடமும் கோயில்களிடமும் வக்ஃபுகளிடமும் இருக்கின்றன. இலாபம் ஒன்றுக்காகவே ஏற்பட்டவை அல்ல அந்த அமைப்புகள். அரசு பழுதுபார்ப்புச் செலவில் பங்கேற்று, பதிலுக்கு அவர்களிடமிருந்து நீண்ட காலக் குத்தகையையும் வரம்புக்குட்பட்ட வாடகையையும் கேட்டுப் பெறலாம். 1966ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையாளருக்குச் செய்யத் தவறியதும், 2000ஆம் ஆண்டு மாற்றம் குடியிருந்தவருக்குச் செய்யத் தவறியதும் அதில் ஒருங்கே ஈடாகும்.