இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்றுகளும் கனிமப் படிவுகளும்

கடலடி வெந்நீர் ஊற்று என்பது, கடல்தரை பிளந்து விலகும் நடுக்கடல் முகடுகளில் சூடேறிய நீர் பீறிட்டு வெளிவரும் துளை ஆகும். இதைச் சுற்றிப் படியும் உலோகங்களில் செம்பும் துத்தநாகமும் முக்கியமானவை. இவ்விரண்டும் கலந்ததே பித்தளை. காரைக்குடி நகரத்தார் திருமணங்களில் பரப்பி வைக்கப்படும் பாத்திரங்களில் நாம் பார்த்துப் பழகியது. பண்டைக்காலத்தில் செம்புக்குப் பெயர்பெற்ற சைப்பிரசுத் தீவின் தாதுவும் இத்தகைய ஊற்றுகளில் படிந்து, பின்னர் கடல்தரையோடு நிலமாக உயர்ந்ததே.

1960களில் செங்கடலின் அடியில் சூடான உப்புநீரும் உலோகம் செறிந்த சேறும் கண்டறியப்பட்டன. 1977இல் ஆல்வின் என்ற நீர்மூழ்கி, கலாபகசுத் தீவுகளுக்கு அருகே முதன்முதலாக ஊற்றுகளை நேரில் கண்டது. 1979இல் மெக்சிகோவை ஒட்டிய பசிபிக் கடலடியில் கரும்புகை கக்கும் கூம்புகள் தென்பட்டன. அங்கே நீட்டிய வெப்பமானியின் பிளாஸ்டிக் தண்டு உருகிப்போனது. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 350 பாகை செல்சியசு.

அது உண்மையில் புகை அன்று. விரிசல்கள் வழியே இறங்கும் கடல்நீர், பாறைக்குழம்பின் அருகே சூடாகிறது. மேலுள்ள அழுத்தத்தால் கொதிப்பதில்லை. அமிலத்தன்மை பெற்ற அந்நீர் பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேலேறுகிறது. ஏறத்தாழ 2 பாகைக் குளிர்நீரைத் தொட்டதும் அவை கந்தகத்தோடு சேர்ந்து கருந்துகள்களாகப் பிரிகின்றன. கூம்பின் முதற்சுவர் பெரும்பாலும் கால்சியம் சல்பேட்டு. இது சூட்டில் படிந்து குளிரில் கரையும் விந்தையான உப்பு; உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவும் சூட்டினால் வருவதே. அச்சுவரின் உட்பக்கம் செம்புத் தாதுவும், வெளிப்பக்கம் துத்தநாகத் தாதுவும் சேர்கின்றன. கூம்பு இடிந்து விழ, அதன்மேல் புதியது எழ, மேடு வளர்கிறது. ஆனால் வந்த உலோகத்தின் பெரும்பகுதி கடலில் கலந்து போய்விடுகிறது.

இந்தியப் பெருங்கடலில் முதல் ஊற்றை 2000இல் சப்பானியர் கண்டனர். அதற்குக் கைரெய் என்று பெயர். இந்தியா 2016 செப்டம்பரில் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்பைடு படிவுகளைத் தேட 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, கடல் ஆய்வு மையமும் இணைந்து, 4,500 மீட்டர் ஆழத்தில் செயல்படும் ஊற்று ஒன்றைப் படம்பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது.

படிவு இருக்கும் இடத்திலேயே உயிர்களும் உள்ளன. கைரெயில் 2001இல் காணப்பட்ட செதில்கால் நத்தையின் ஓட்டில் இரும்பு சல்பைடு பூச்சு உண்டு. கடலடி அகழ்வு வரக்கூடும் என்பதற்காகவே 2019இல் அது அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. அப்போது அது வாழ்வதாக அறியப்பட்டவை மூன்றே ஊற்றுத்திடல்கள். அவற்றுள் இரண்டு, கனிமம் தேட உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளில் உள்ளன.