பீரங்கியைக் கழற்றிய கதை

வானகரத்திலிருந்து அம்பத்தூர் ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆவடி. ஆவடி என்றால் டாங்க். சின்னப் பையனுக்கும் தெரியும். 1965-ல் முதல் விஜயந்தா உருண்டு வந்தது இங்கிருந்துதான். ஆனால் அதே ஊரில் அதிகம் பேசப்படாத இன்னொரு கதையும் இருக்கிறது. டாங்க் மாதிரியே இரும்புப் பட்டைகளில் ஓடும். வேலை மட்டும் வேறு. சிப்பாய்களைக் குண்டடிபடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

1918-லேயே பிரிட்டிஷ்காரர்கள் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். சூட்டிலும் புகையிலும் உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தலைசுற்றியதுதான் மிச்சம்.

அப்புறம் 1944 ஆகஸ்ட். நார்மண்டி. டாங்குகள் எப்படியோ முன்னேறிவிடும். பின்னால் நடந்து வருகிறவன் கதி? கனடா ஜெனரல் கை சைமண்ட்ஸ் ஒரு காரியம் செய்தார். 'ப்ரீஸ்ட்' என்ற பீரங்கி வண்டிகளில் இருந்த பீரங்கிகளைக் கழற்றச் சொன்னார். அந்த இடத்தில் ஆட்களை உட்கார வைத்தார். அவ்வளவுதான். பெயர், கங்காரு!

ரஷ்யர்கள் சும்மா இருப்பார்களா? இறக்கிவிட்டால் போதாது, கூட நின்று சண்டையும் போடட்டும் என்று 1960-களில் பி.எம்.பி. வண்டியைக் கொண்டுவந்தார்கள். அதன் அடுத்த அவதாரம் பி.எம்.பி.-2. சுமார் 14 டன். பின்னால் ஏழு பேர், ஓட்ட, சுட, வழிநடத்த மூன்று பேர். 30 மி.மீ. பீரங்கி. தண்ணீரில் நீந்தவும் செய்யும்.

இதைத்தான் லைசென்ஸ் வாங்கி 1987 முதல் ஆந்திராவின் (இன்றைய தெலங்கானா) மேடக் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தோம். பெயர் 'சரத்'. அதன் இதயமான எஞ்ஜின் மட்டும் நம் ஆவடியிலிருந்து போனது.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'நாமே செய்வதா, வாங்குவதா?' என்று ஒரு கணக்கு வரும். லைசென்ஸ் என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை. சீக்கிரம் வேலை ஆகும். எல்லையில் நிற்கிறவன் டிசைன் முடியட்டும் என்று காத்திருக்க முடியாதே! அர்ஜுன் டாங்குக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். ராணுவத்தின் கைக்கு வரத் தொடங்கியது 2004-ல். முப்பது வருஷம்.

ஆனால் அடுத்தவர் குறிப்பைப் பார்த்துச் சமைத்துக்கொண்டே இருந்தால் சொந்தக் கைப்பக்குவம் எப்போது வரும்? நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 'அபய்' என்று ஒரு காலாட்படை வண்டியை வடிவமைத்தது. 40 மி.மீ. பீரங்கி, கூடுதல் கவசம். ஓடிக் காட்டியது. உற்பத்திக்குப் போகவில்லை. 2010 வாக்கில் தனியார் கம்பெனிகளையும் கூப்பிட்டுப் புதுத் திட்டம் போட்டார்கள். அது வருஷக்கணக்கில் இழுத்தது. கற்றுக்கொள்ளாமல் போனதன் விலையை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத முடியாது. மொத்தமாக ஒருநாள் பில் வரும்.

அதற்காக ஆவடி வெறுங்கையோடு நிற்கவில்லை. அதே சரத் வண்டியை வைத்து அங்கிருந்த பொறியாளர்கள் ஒரு ஆம்புலன்ஸ் உருவாக்கினார்கள். பீரங்கி கிடையாது. உள்ளே ஸ்ட்ரெச்சர்கள். அடிபட்டவனைப் போர்க்களத்தின் நடுவிலிருந்து கவசத்துக்குள் வைத்துத் தூக்கி வர.

சைமண்ட்ஸ் பீரங்கியைக் கழற்றியதும் இதற்குத்தானே? போனவன் வீடு திரும்ப வேண்டும்.