பத்துப் பிள்ளைகள், பத்து ஊர்கள்



"அவங்களுக்கென்ன, வகுப்பே கிடையாது, வண்டியில சுத்துறாங்க" என்று வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்களைப் பற்றி நம் ஆசிரியர்களே சொல்வதுண்டு. அந்தச் சுற்றல் எப்படி வந்தது என்று கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரிகள் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளை ஊரைவிட்டுப் போய் விடுதியில் தங்கும். ஆசிரியர் ஓரிடத்தில் இருப்பார். அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளை திண்ணையிலேயே வளர்ந்தது.

1974-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் கொண்டுவந்தது. மாற்றுத்திறன் பிள்ளையும் மற்றவர்களோடு சாதாரணப் பள்ளியில் படிக்கலாம் என்றார்கள். பிறகு வந்த அனைவருக்கும் கல்வித் திட்டம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கடுமையான பாதிப்புள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம் என்றது. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016 சட்டத்தில் 21 ஆயின.

ஒவ்வொரு படியும் நல்லதுதான். ஆனால் பிள்ளை நடந்த தூரத்தை இப்போது ஆசிரியர் நடக்கிறார்.

நம் நீடாமங்கலம் ஒன்றியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வடுவூர், மதியம் பூவனூர், நடுவில் ரயில்வே கேட். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் ஓரத்துத் தெருவுக்கு வண்டி போகாது. போய்ப் பாடம் மட்டுமா சொல்கிறார்? கணக்கெடுப்பில் விடுபட்ட பிள்ளையைத் தேடுகிறார். மருத்துவ முகாமுக்கு வரச் சொல்லி, நடவு நாளில் கூலியை விட முடியாத தாயிடம் மன்றாடுகிறார். அடையாள அட்டை, உதவித்தொகை, காதொலிக் கருவி, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் மனு எழுதுகிறார். பொதுத்தேர்வு நெருங்கினால் சொல்வதை எழுதுபவருக்கு அனுமதி வாங்க ஓடுகிறார். இரவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம், பதிவேடு, இணையப் பதிவு.

2021-இல் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் எண்ணிக்கையை வரையறுக்கச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. 2025 மார்ச்சில் மாநிலங்கள் இந்தப் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் இவர்கள் தொகுப்பூதியத்திலேயே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து, பணி நிரந்தரம் கேட்டுப் போராடியவர்கள்.

இந்த விகிதத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது பிள்ளைகளை எண்ணுகிறது, ஊர்களை எண்ணவில்லை. ஒரு வகுப்பறையில் இருக்கும் பத்துப் பிள்ளையும், பத்து ஊரில் இருக்கும் பத்துப் பிள்ளையும் ஒரே வேலை அல்ல. பயண நேரமும் மனு எழுதும் நேரமும் பணி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். எழுத்து வேலைக்கு வள மையத்தில் ஓர் ஆள் வேண்டும். இல்லையேல் குறைவது பிள்ளையோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர் உங்கள் பள்ளிக்கு வரும்போது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பள்ளியில் முடிக்கக்கூடிய ஒரு மனுவையாவது நீங்கள் முடித்துக் கொடுங்கள்.