அரை கார்

 

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். எம்.இ. கடைசி வருஷம். சைக்கிள் போக்குவரத்து பத்தி தீசிஸ் எழுதறான். "அண்ணா, நீங்க பி.இ. ப்ராஜக்ட் டிராஃபிக்லதானே பண்ணீங்க? சைக்கிளுக்கு பி.சி.யூ எவ்வளவு போடறது?"ன்னு கேட்டான். "0.5 போட்டுக்கடா"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

சிவில் படிச்சுட்டு பொட்டி தட்ட வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். இப்போ கொசுவத்தியைச் சுத்திக்கோங்க. ஃபைனல் இயர் ப்ராஜக்டுக்கு நாங்க நாலு பேர் எங்க ஊர் மில் ரோடு சிக்னல்ல விடியக்காலைல போய் நின்னோம். ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு பேனா. வண்டி போகப் போக கோடு போடணும். நாலு கோடு, குறுக்கே ஒண்ணு. எனக்கு வந்தது சைக்கிள் காலம். ஏழு மணி ஷிஃப்டுக்குப் போற ஜனம் வந்துக்கிட்டே இருந்தது. நடுவுல எங்கப்பா. ஹேண்டில்பார்ல சோத்து டப்பா தொங்குது. என்னைப் பார்த்து "டீ குடிச்சியாடா?"ன்னு கேட்டுட்டு போயிட்டார். நானும் ஒரு கோடு போட்டேன்.

ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் பி.சி.யூவா மாத்தினோம். பி.சி.யூன்னா 'பாசஞ்சர் கார் யூனிட்'. ரோட்ல போற எல்லாத்தையும் காரா மாத்திக் கூட்டற கணக்கு. கார்னா 1. சைக்கிளுக்கு 0.5. அப்பா அரை கார் ஆயிட்டார்.

இந்த எண் எங்கேர்ந்து வந்ததுன்னு அன்னிக்கு யாரும் கேட்கல. புக்ல இருந்தது, போட்டோம். தம்பி கேட்ட பிறகுதான் தோண்டினேன்.

1958-ல பிரிட்டனோட ரோடு ரிசர்ச் லேபரட்டரியில இருந்த வெப்ஸ்டர், சிக்னல் நேரத்தை எப்படி வைக்கறதுன்னு ஒரு அறிக்கை எழுதினார். டிராஃபிக் படிச்ச எல்லாருக்கும் இந்தப் பேர் தெரியும், பரீட்சைல கண்டிப்பா வரும் :-). அதுல ஒரு சின்னப் பட்டியல். பஸ் 2.25 கார், மோட்டார் சைக்கிள் 0.33, சைக்கிள் 0.2. அதாவது சிக்னல்ல அஞ்சு சைக்கிள் சேர்ந்தா ஒரு கார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப நேர்மையானது: பச்சை விழுந்தா இந்தக் கும்பல் கோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கேள்விக்கு 0.2 சரியான பதில்தான். ஓட்டறவர் எத்தனை மனுஷன்னு அவர் அளக்கவே இல்ல.

1965-ல வந்த அமெரிக்க ஹைவே கெபாசிட்டி மேனுவல் இதே யோசனையைப் பெரிய ரோடுகளுக்குக் கொண்டு போச்சு. ஒரு லாரி எத்தனை காரோட இடத்தைத் தின்னுதுங்கற கணக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல நகர ரோடுகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க, ஐ.ஆர்.சி 106. மொத்த வண்டியில சைக்கிள் 5 சதவீதம்னா ஆளுக்கு 0.4, 10 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 0.5. நாங்க போட்டது இதைத்தான்.

அப்புறம் 2000-ல சதீஷ் சந்திரா, சிக்தர்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. நிலையான எண் வேண்டாம், ரோட்டோட நிலைமைக்கு ஏத்த மாதிரி மாறட்டும்னாங்க. சூத்திரம் சிம்பிள். கார் வேகத்தை சைக்கிள் வேகத்தால வகுங்க. வந்ததை, கார் பரப்பு சைக்கிள் பரப்பைப் போல எத்தனை மடங்கோ அதால வகுங்க. கார் தரையில சுமார் 5.4 சதுர மீட்டர், சைக்கிள் 0.85. கிட்டத்தட்ட 6.3 மடங்கு.

நான் சும்மா எக்செல்ல போட்டுப் பார்த்தேன். சைக்கிள் எப்பவும் 12 கிலோமீட்டர் வேகம்னு வெச்சுக்குவோம். நெரிசல்ல கார் 15-ல ஊர்ந்தா சைக்கிள் 0.2. கார் 40-ல போனா 0.53. கார் 60-ல பறந்தா 0.79.

இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு தடவையும் சைக்கிள்காரர் அதே வேகத்துலதான் மிதிக்கிறார். அதே சோத்து டப்பா, அதே செருப்பு. வேகமாப் போனது கார். பெருசானது அவர். அதாவது இந்த எண் சைக்கிளோட அளவே கிடையாது. கார்காரருக்கு இவர் எவ்வளவு இடைஞ்சல்ங்கறதோட அளவு. ரோடை அகலப்படுத்தி காரை வேகமா விட்டா, சூத்திரப்படி சைக்கிள்காரர் இன்னும் பெரிய இடைஞ்சல்.

சரி, வேற மாதிரி எண்ணவே முடியாதான்னு கேட்டீங்கன்னா, எண்ணியிருக்காங்க. அதுவும் இதே இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்தான், 1962-லயே! ஐ.ஆர்.சி 11, சைக்கிள் பாதைக்கான விதிமுறை. உச்ச நேரத்துல மணிக்கு 100-லேர்ந்து 200 மோட்டார் வண்டி போற ரோட்ல 400 சைக்கிள் போனா தனிப் பாதை போடலாம். மோட்டார் வண்டி 200-ஐத் தாண்டிட்டா, 100 சைக்கிளே போதும். அரையெல்லாம் கிடையாது. ஒரு சைக்கிள்னா ஒண்ணு. அந்த 100-ஐ எங்க மில் ரோடு சிக்னல் காலைல அரை மணி நேரத்துலயே தாண்டியிருக்கும். எங்க ரிப்போர்ட்ல ஐ.ஆர்.சி 11 பத்தி ஒரு வரி இல்ல. யாரும் சொல்லித் தரல, நாங்களும் தேடல. 'ஓரத்து மண் பகுதியையும் சேர்த்து ஒரு லேன் கூட்டணும்'னு முடிவுரை எழுதினோம். அந்த மண் ஓரத்துலதான் அப்பா போவார்.

இது காலேஜ் கணக்கோட நிக்கற விஷயமும் இல்ல. டெல்லியில 2008-ல அம்பேத்கர் நகர்லேர்ந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்குத் தனி லேனும் ஓரத்துல சைக்கிள் பாதையும் போட்டாங்க. ஐஐடி டெல்லிக்காரங்க யோசனை. கார் நிக்குது, கார் நிக்குதுன்னு ஒரே கூச்சல். கேஸ் ஹைகோர்ட் வரை போச்சு. வண்டியை எண்ணினா ஒரு பதில், ஆளை எண்ணினா வேற பதில், சண்டையே அதுலதான். 2012-ல கோர்ட் மனுவைத் தள்ளுபடி பண்ணிச்சு. ஆனாலும் 2016-ல இடிச்சுட்டாங்க.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். "பி.சி.யூ போடு, வேண்டாம்னு சொல்லல, சிக்னலுக்கு அது வேணும். ஆனா பக்கத்துல இன்னும் ரெண்டு காலம் போடு. ஒண்ணு வண்டி எத்தனை, இன்னொண்ணு ஆள் எத்தனை. கேரியர்ல குழந்தை உட்கார்ந்திருந்தா அதையும் எண்ணு. முடிவுரை எழுதும்போது மூணையும் பார்த்து எழுது"ன்னேன். "கைடு ஒத்துக்கணுமேண்ணா"ன்னான். "1962 விதியைக் கொண்டு போய்க் காட்டு. 2015-ல திருத்திய பதிப்பும் வந்திருக்கு, ரெண்டையும் படி"ன்னு சொல்லியிருக்கேன். பார்ப்போம்.

அப்பா இப்போ ரிடையர்டு. ரேஷன் கடைக்கு இன்னும் சைக்கிள்லதான் போறார். மில் ரோடு அகலமாயிடுச்சு, மண் ஓரம் போயிடுச்சு, அதனால சந்து சந்தா சுத்திப் போறார். நேத்து இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அரைன்னா எந்த அரைடா, முன் சக்கரமா பின் சக்கரமா?"ன்னார்.

டிஸ்கி: யாராவது உங்க ஊர் சிக்னல்ல நின்னு சைக்கிள் எண்ணியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. தம்பிக்கு உதவும். 0.5-ஆல பெருக்காம சொல்லுங்க :-)