மாளிகைகளும் மறைந்த ஊர்களும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தே பரந்து கிடக்கும் பிரபுக்களின் பழைய மாளிகைகளை மோட்டார் வண்டியிற் சென்று காண்பது அந்நாட்டவர்க்கு நெடுங்காலப் பொழுதுபோக்கு. மேற்படிப்பிற்கும் தொழிலுக்குமாக அங்குச் சென்ற நம்மவரும் இன்று விடுமுறை நாட்களில் அவ்வழியே புறப்படுகின்றனர். எந்த மாளிகை அழகியது, எதன் தோட்டம் பெரியது என்று அவர்கள் விசாரிப்பது இயல்பே. சரித்திர மாணவனோ இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இம்மாளிகையை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது? இது எழுமுன் இந்நிலத்தில் வாழ்ந்தவர் யாவர்? இவ்விரு கேள்விகளையும் துணையாகக் கொண்டு, லண்டனிலிருந்து வடக்கு நோக்கி நான்கு நாட் பிரயாணமொன்றை நாம் வகுத்துப் பார்ப்போம்.

முதல் நாள் தேம்ஸ் நதியோரமாக மேற்கே சென்றால், ரெடிங் நகருக்கு அப்பால் பசில்டன் பார்க் உள்ளது. 1776க்கும் 1783க்கும் இடையில் இதனைக் கட்டுவித்தவர் பிரான்சிஸ் சைக்ஸ். கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தராக வங்காளத்தில் இருந்து பெருஞ்செல்வத்தோடு மீண்டவர் அவர். இத்தகையோரை ஆங்கிலேயரே 'நபொப்' எனப் பரிகசித்தனர். நவாப் என்ற சொல்லின் திரிபு அது. மாளிகைக்கு அத்திவாரமிடுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1770இல், வங்காளம் கொடும் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. அப்பொழுதும் கம்பனி வரி வசூலைக் கைவிடவில்லை. பொன்னிறக் கல்லின் அழகை வியப்போர் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்து எண்ணுதல் நன்று.

அங்கிருந்து ஒக்ஸ்போர்ட் செல்லும் பெருவீதியில் நியூனம் கோர்ட்னி என்ற சிற்றூர் குறுக்கிடும். வீதியின் இருமருங்கும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் இணையிணையாக நிற்கின்றன. 1760களில் ஹார்கோர்ட் பிரபு தம் மாளிகையின் காட்சிக்காகப் பழைய ஊரையே அகற்றிவிட்டுக் குடிமக்களை இவ்வீதியோரத்திற்கு மாற்றினார். ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்ற கவிதைக்கு இவ்வூரின் கதையே தூண்டுதலாயிற்று எனப் பலர் கருதுவர். இங்கு வண்டியை நிறுத்திப் பார்க்கவேண்டியது மாளிகையை அன்று, இந்த வீதியையே.

இரண்டாம் நாள் வடக்கே டேர்பிஷயரை நோக்கிச் செல்லுங்கால், வயல்களைப் பிரிக்கும் பசுமையான உயிர்வேலிகள் நேர்கோடுகளாக ஓடுவதைக் காணலாம். பிரயாணிகள் போற்றும் இக்காட்சியின் பெரும்பகுதி சட்டத்தால் ஆனது. 1604க்கும் 1914க்கும் இடையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குட் கொணர்ந்தன. பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்த ஏழைக் குடியானவன் அவ்வுரிமையை இழந்து கூலியாளானான். மாளிகைக்குட் புகுமுன்னரே, வீதியோரத்து வேலியில் மாளிகையின் சரித்திரம் தொடங்கிவிடுகின்றது.

டேர்பி நகரை அடுத்த கெடில்ஸ்டன் மண்டபம் 1759இல் தொடங்கப்பெற்றது. சிற்பி ரொபேட் அடம் அமைத்த அதன் பெருங்கூடத்தில் இருபது பளிங்குநிறத் தூண்கள் நிற்கின்றன. இங்கும் ஊர் அகற்றப்பட்டது. பழைய தேவாலயம் மட்டும் மாளிகையின் ஓரத்தில் தனித்து எஞ்சியுள்ளது. கல்கத்தாவில் 1803இல் நிறைவெய்திய தேசாதிபதி மாளிகைக்கு முன்மாதிரி இக்கெடில்ஸ்டனே. 1859இல் இவ்வீட்டிற் பிறந்த கேர்சன், 1899இல் அந்தக் கல்கத்தா மாளிகைக்கு வைசிராயாகச் சென்றார். 1905இல் வங்காளத்தைப் பிரித்தவர் அவரே. கீழைத்தேயங்களில் அவர் சேர்த்த பொருட்கள் இன்று கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்திற் காட்சிக்குள்ளன.

மூன்றாம் நாட் காலை சற்ஸ்வேர்த். பலரும் நாடும் இடமாதலின் அதனை விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1830களில் டெவன்ஷயர் கோமகன் திருத்தியமைத்த ஈடென்சர் என்ற அழகிய ஊரிற் சற்றே நடந்து பார்த்தல் வேண்டும்.

மாலையில் யோர்க்ஷயரின் வென்ற்வேர்த் வூட்ஹவுஸ். 606 அடி நீளமான முகப்புடைய இம்மாளிகையின் பிட்ஸ்வில்லியம் குடும்பத்திற்குச் செல்வம் அளித்தது நிலத்தடி நிலக்கரி. யுத்தத்தின் பின் எரிபொருட் பஞ்சம் நிலவிய 1946இல், தொழிற்கட்சி அரசின் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் மாளிகையின் வாசல்வரை நிலத்தை அகழ்ந்து கரி எடுக்க ஆணையிட்டார். தொழிலாளர் மகிழ்ந்திருப்பர் என்று நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. யோர்க்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜோ ஹோல் அதனை எதிர்த்து, வேலைநிறுத்தம் செய்வோம் என்றும் எச்சரித்தார். அப்பூங்காவில் உலாவிய தொழிலாளர் குடும்பங்கள் அதனைத் தமதாகவும் கருதின. எதிர்ப்பு பலிக்கவில்லை, தோட்டம் அழிந்தது. பிரபுவைப் பகைப்பதற்கும் அழகைப் பகைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, அமைச்சரைவிடச் சுரங்கத்தில் உழைத்தவரே நன்கறிந்திருந்தனர் எனலாம்.

நான்காம் நாள் லீட்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள ஹேர்வுட் மாளிகையோடு பிரயாணம் முடியலாம். 1759இல் இதனை எழுப்பத் தொடங்கிய லசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையில், அதாவது அடிமைகளின் உழைப்பில், விளைந்தது. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபொழுது பிரித்தானிய அரசு இரண்டு கோடிப் பவுண் நட்டஈடு வழங்கியது. பெற்றவர் அடிமைகளின் உடைமையாளர். ஹேர்வுட் பிரபுவுக்கு 1,277 மனிதருக்கு ஈடாக 26,000 பவுணுக்கு மேல் கிடைத்தது. அந்த 1,277 பேருக்கும் ஒரு சதந்தானும் கொடுக்கப்படவில்லை.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள். அங்கும் வண்டிகள் இடப்புறமாகவே செல்வன. ஆனாற் கிராமப் பாதைகள் மிக ஒடுங்கியவை. பல மாளிகைகள் பனிக்காலத்தில் உட்புறத்தை மூடிவிடும். திறக்கும் நாட்களை முன்னரே விசாரித்தறிக. பசில்டனும் கெடில்ஸ்டனும் 1895இல் நிறுவப்பட்ட தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருத்தலின், அதன் ஆண்டுச் சந்தா செலுத்தியோர்க்கு அவ்விரண்டிற்கும் வேறு கட்டணமில்லை. ஏனைய மூன்று மாளிகைகளும் வேறு அமைப்புகளின் பொறுப்பிலுள்ளவை.

தேசிய அறக்கட்டளை 2020இல் தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93, குடியேற்றவாதத்தோடும் அடிமை முறையோடும் தொடர்புடையன என அறிக்கை வெளியிட்டது. உடனே, நாட்டின் பெருமைக்கு இழுக்குத் தேடுவதாகப் பத்திரிகைகளிலும் பாராளுமன்ற உறுப்பினர் சிலரிடமிருந்தும் கண்டனம் எழுந்தது. கணக்குக் கேட்பது பகைமையாகுமா? கல்லைச் செதுக்கிய கை, கரியை வெட்டிய கை, கரும்பை நட்ட கை ஆகிய இத்தனை கைகளின் கணக்கும் அச்சுவர்களுக்குள் இருக்கின்றது. அதனை மறைப்போர் மாளிகையைப் பிரபுக்களுக்கே மீளக் கொடுத்துவிடுகின்றனர். அதனை அறிந்து பார்ப்போர்க்கோ அம்மாளிகை, உழைத்த மக்கள் அனைவரதும் உடைமையாகத் தோன்றும்.