பால்மரமும் முழுப்போரும்

அரசின் உறுப்புகளை வகுத்த திருவள்ளுவர், படையோடு குடிமக்களையும் உணவு வளத்தையும் சேர்த்தே எண்ணினார். படை மட்டும் நாட்டைக் காப்பதில்லை என்னும் அவ்வுண்மை இருபதாம் நூற்றாண்டில் பேருருவம் கொண்டது. உழவர், தொழிலாளர், அறிவியலார், இல்லத்தரசியர் ஆகிய அனைவரையும் அரசு ஒரே நோக்கில் பிணைத்து நடத்தும் போரே முழுப்போர் எனப்படும். அஃது எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை அறிய, நம் முன்னோர் கைகளுக்கு நன்கு பழகிய இரப்பரையே சான்றாகக் கொள்வோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அடுத்த மாதமே டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவும் வீழ்ந்தது. அமெரிக்கா பெற்றுவந்த இயற்கை இரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இவ்வாறு அற்றுப்போயிற்று. டயர் இன்றேல் இராணுவ ஊர்தி ஓடாது, விமானமும் மேலெழாது.

அமெரிக்க அரசு முதற்கண் மக்களின் நுகர்வைக் கட்டுப்படுத்தியது. 1942 ஜனவரியில் டயர்கள் பங்கீட்டுக்கு உள்ளாயின. ஜூன் மாதத்தில் அதிபர் ரூஸ்வெல்ட், பழைய இரப்பரைப் பெட்ரோல் நிலையங்களில் ஒப்படைக்குமாறு வானொலி வழி வேண்டினார். விலை இறாத்தலுக்கு ஒரு சென்ட். தேய்ந்த டயர், மழைச்சட்டை, தோட்டக் குழாய் எனச் சுமார் நான்கரை இலட்சம் டன் குவிந்தது. எனினும் பழைய இரப்பர் தரத்தில் தாழ்ந்தது. ஆதலின் பெர்னார்ட் பரூக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, டிசம்பர் முதல் நாடெங்கும் பெட்ரோல் பங்கீடு வந்தது. ஊர்திகளின் வேகமும் மணிக்கு 35 மைலாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோலைச் சேமிப்பதினும் டயரின் தேய்மானத்தைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கமாகும்.

அடுத்துத் தொழில்துறை ஒழுங்கு பெற்றது. அதுவரை போட்டியிட்டு வந்த பெரும் நிறுவனங்கள், அரசின் ஏற்பாட்டில் தம் காப்புரிமைகளையும் தொழில்நுட்ப அறிவையும் பகிர்ந்துகொண்டன. பொதுப்பணத்தில் ஆலைகள் எழுந்தன. தனியார் நிறுவனங்கள் அவற்றை இயக்கின. பெட்ரோலியமும் தானியத்திலிருந்து வடித்த சாராயமும் மூலப்பொருள்களாயின. 1941இல் சுமார் 8,000 டன்னாக இருந்த செயற்கை இரப்பர் உற்பத்தி, 1944இல் ஏழு இலட்சம் டன்னைக் கடந்தது.

மறுபுறம், மலாயாத் தோட்டங்களைக் கைப்பற்றிய ஜப்பானுக்குத் தேவைக்கு மிஞ்சிய இரப்பர் கிடைத்தது. பழைய சந்தைகள் மூடுண்டன, பால்வெட்டு குன்றியது, தொழிலாளர் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் தாங்கினர். ஜப்பானும் முழுப்போருக்கு ஆள்திரட்டியது. ஆயின், அஃது எவ்வாறு திரட்டியது? கூலி தருவதாகக் கூறியும், வலிந்து பிடித்தும், தோட்டத் தமிழரைச் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்றது. 1943 அக்டோபரில் முடிவுற்ற அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில், நோயாலும் பட்டினியாலும் மடிந்த நம்மவர் பல்லாயிரவர்.

ஓரிடத்தில் அரசு காரணம் கூறிக் குடிமக்களிடம் டயரைக் கேட்டது; மற்றோரிடத்தில் கேளாமலே உயிரைக் கொண்டது. எனினும் அமெரிக்காவும் பழியற்றதன்று. ஜப்பானிய வழிவந்த மக்களுள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரை, விசாரணையின்றி முகாம்களில் அடைத்ததும் அதே 1942ஆம் ஆண்டில்தான். போர்க்காலத்தில் அரசுக்குப் பெருகும் ஆற்றல், நீதியின் கட்டுக்குள் நில்லாவிடில் தன் மக்களையே வருத்தும் என்பதற்கு இதுவும் சான்று.

போர் ஓய்ந்த பின்னும் அதன் விளைவு ஓயவில்லை. 1955இல் அமெரிக்க அரசின் ஆலைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. செயற்கை இரப்பர் நம் தோட்டங்களுக்கு நிலையான போட்டியாயிற்று.

வரலாற்றுப் பாடத்தில் தளபதிகளின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் நம் மாணவர் மனனம் செய்கின்றனர். அவற்றோடு, போரின் சுமையை யார் சுமந்தார், அவர் இசைவு கேட்கப்பட்டதா என வினவவும் அவர்களைப் பழக்குதல் ஆசிரியர் கடனாகும். அவ்வினா எழுமாயின், சயாம் காட்டில் பெயரின்றி மாய்ந்த பால்வெட்டுத் தொழிலாளியும் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவார்.