நிலத்துக்காக வண்டியா, வண்டிக்காக நிலமா?

அமெரிக்காவில் வீடு திருத்துபவர்களும் பழைய கூரையைக் கழற்றுபவர்களும் ஒரு பெரிய இரும்புப் பெட்டியை வாடகைக்கு எடுப்பார்கள். லொறி வந்து அதை வீட்டு முன்பாதையில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். நிரம்பியதும் திரும்ப வந்து தூக்கிக்கொண்டு போகும். பெயர் டம்ப்ஸ்டர். பெட்டி போனபிறகு நிலத்தில் மிஞ்சுகிற பள்ளமும் வெடிப்பும் ஆருடைய தலையில்? சின்னக் கேள்விதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால போனால் நானூறு வருசம் போகலாம்.

1622-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஒரு பிரகடனம் விட்டார். நாலு சில்லு வண்டி ஓடக்கூடாது, ஒரு தொன்னுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது. வீதி கெட்டுப்போகுது, ஆகவே வண்டிக்காரனை அடக்கு என்பதுதான் அதன் நியாயம். 1753-இல் வந்த சட்டமும் அதே வழிதான். சுங்க வீதிகளில் ஓடும் பாரவண்டிகளின் சில்லு ஒன்பது அங்குல அகலம் இருக்கவேண்டும் என்றது. அகலச் சில்லு வீதியைக் கிழிக்காது, உருளை மாதிரி அழுத்தி விடும் என்று நம்பினார்கள். சுங்கத்தில் சலுகையும் கொடுத்தார்கள். வண்டிக்காரர் என்ன லேசுப்பட்ட ஆக்களா? பார்வைக்கு ஒன்பது அங்குலம், ஆனால் நடுவில் ஒரு சின்னப் பட்டை மட்டும் நிலத்தில் படுகிற மாதிரிச் சில்லுகளைச் செய்து ஓட்டினார்கள். சட்டமும் காப்பாற்றப்பட்டது, வீதியும் கிழிந்தது.

இந்த நியாயத்தைத் தலைகீழாக்கியவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் லவுடன் மக்அடம். 1816-இல் பிரிஸ்டல் சுங்க வீதிகளின் பொறுப்பை எடுத்தார். வண்டியை வீதிக்கேற்ப மாற்றாதே, வீதியை வண்டிக்கேற்பச் செய் என்பது அவருடைய கட்சி. பாரத்தைத் தாங்குவது மேலே போட்ட கல் இல்லை, அடியில் கிடக்கிற மண். அந்த மண் ஈரமாகாமல் இருந்தால் எந்தப் பாரமும் தாங்கும் என்றார். ஆறு அவுன்சுக்கு மேற்படாத உடைகல்லைப் பரப்பி, தண்ணி வடிய வழிவிட்டால் போதும். 1902-இல் ஹூலி என்பவர் தார் கலந்து காப்புரிமை எடுத்த 'டார்மக்' என்ற சொல்லுக்குள்ளும் இவருடைய பெயர்தான் ஒளிந்திருக்கு.

இடையில் பலகைப் பைத்தியம் ஒன்றும் வந்து போனது. 1846-இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் பக்கம் பலகை பாவிய வீதி திறந்தார்கள். பல கம்பனிகள் அதே வேலையில் இறங்கின. மரம் சில வருசத்திலேயே உக்கிப்போனது.

இனி டம்ப்ஸ்டர். 1930-களில் டென்னசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரில் ஜோர்ஜ் டெம்ப்ஸ்டர் என்ற கொந்தராத்துக்காரர், பெட்டியை லொறியிலிருந்து பிரித்தார். ஏற்றி முடியும்வரை லொறி சும்மா நிற்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. அவருடைய பெயரும் 'கொட்டு' என்பதற்கான இங்கிலீஷ் சொல்லும் கலந்துதான் டம்ப்ஸ்டர். மனுசன் பிறகு அந்த நகரத்துக்கு மேயராகவும் வந்தார்.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதுவரைக்கும் பாரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்ப பாரம் நாட்கணக்கில் ஒரே இடத்தில் குந்தியிருக்கத் தொடங்கியது. தார் சூட்டில் இளகும், நின்ற பாரத்துக்குக் கீழ் மெல்ல மெல்ல அமிழும். கொங்கிறீற் அமிழாது, வெடிக்கும். முக்கியமாக விளிம்பிலும் மூலையிலும்.

பாரம் நிலத்தை என்ன செய்யும் என்பதை 1958 முதல் 1960 வரை இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்குப் பக்கத்தில் அளந்து பார்த்தார்கள். பரிசோதனைக்கென்றே வீதி போட்டு, இராணுவ வீரர்கள் லொறிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். வந்த முடிவு பயங்கரமானது: சேதம் அச்சுப் பாரத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். பாரம் இரண்டு மடங்கென்றால் சேதம் பதினாறு மடங்கு. ஒரு தொன் அச்சோடு எட்டுத் தொன் அச்சை ஒப்பிட்டால் 4,096 மடங்கு! அதன்பிறகு அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளின் தடிப்பை இந்தக் கணக்கை வைத்துத்தான் போட்டார்கள்.

ஆனால் வீட்டு முன்பாதைக்கு ஆரும் அப்படிக் கணக்குப் போடவில்லை. படலையிலிருந்து கராஜ் வரைக்கும் போகிற அந்தத் துண்டு, காருக்கென்று நாலு அங்குலத் தடிப்பில் வார்த்தது. அதில் இருபது தொன் தாண்டுகிற லொறி ஏறுகிறது. பெட்டியைச் சரித்து இறக்கும்போதும் திரும்பத் தூக்கும்போதும் பாரம் பின்பக்கத்து இரண்டு இரும்பு உருளைகளில் போய் நிற்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஆகவே விசயம் தெரிந்தவர்கள் லொறி வரமுன்னமே, உருளை படப்போகிற இடத்தில் நீளவாக்கில் தடித்த பலகைகளைப் போட்டு வைப்பார்கள். பெட்டி போகும்வரைக்கும் எடுக்கமாட்டார்கள். பலகை பாரத்தைக் குறைக்காது, பரத்தும். 1753-இன் அகலச் சில்லு சொன்ன அதே நியாயம். இந்த முறை ஏமாற்றுச் சில்லுக்கு இடமில்லை.

பலகை போடுவது ஆருடைய வேலை? சில கம்பனிகள் தாங்களே கொண்டுவரும். ஆனால் வாடகை ஒப்பந்தங்களில் முன்பாதைக்கு வரும் சேதத்துக்குக் கம்பனி பொறுப்பில்லை என்ற வரி வழமையாக இருக்கும். மக்அடம் பொதுவீதிக்குத்தான் நியாயம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுப் படலைக்கு உள்ளே இன்னும் 1622-தான் ஓடுது, ஒரு வித்தியாசத்தோடு: அன்று வண்டிக்காரனுக்குப் போட்ட பிரகடனத்தை இன்று வண்டிக்காரன் வீட்டுக்காரருக்குப் போடுகிறான்.

பிரித்தானியாவில் இந்தப் பெட்டிக்கு 'ஸ்கிப்' என்று பேர். அதைப் பொதுவீதியில் வைக்க 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி அனுமதி எடுக்கவேண்டும், இரவில் விளக்கும் எரியவேண்டும். சொந்த வளவுக்குள் வைத்தால் அந்த அனுமதி தேவையில்லை.